டால்மேஷியக் கரையில், கப்பல் நிற்கும் நேரத்துக்குள்

ஞாயிறு, திரியெஸ்தே

குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரை ஊர்களைப் பார்க்க, வெனிஸில் கப்பல் ஏறப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். ஆனால் பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரை ஒட்டிய கால்வாய் வழியே வரக் கூடாது என்று 2021-இல் இத்தாலி தடை போட்டுவிட்டது. அதனால் நிறையக் கப்பல்கள் சுற்றுவட்டாரத் துறைமுகங்களிலிருந்து கிளம்புகின்றன. எங்களுடையது திரியெஸ்தேயிலிருந்து. முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகமாக இருந்த ஊர். கப்பல் ஏறக்குறைய ஊரின் பெரிய சதுக்கத்தின் ஓரத்திலேயே நிற்கிறது. காபி குடித்த கடையிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே கப்பலுக்குப் போய்விட்டோம்.

நாங்கள் நால்வர். மதுரையில் ஒரே ஹாஸ்டலில் இருந்தவர்கள். டாக்டர், ஆடிட்டர், டீச்சர், நான். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை எப்போதோ விட்டாயிற்று. வீட்டுக்காரர்கள் யாரும் வரவில்லை. அது முதலிலேயே போட்ட ஒப்பந்தம்.

கப்பல் பயணத்தில் ஒரு ஊரைப் பார்ப்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: காலை ஏழு எட்டு மணிக்குக் கப்பல் கரை சேரும். மாலை நாலரை, ஐந்துக்குள் திரும்பி ஏறிவிட வேண்டும். நடுவே கப்பல்காரர்கள் விற்கும் டூரில் போகலாம். அதில் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனால் காத்திருக்காது. அந்தக் காத்திருப்புக்குத்தான் இரண்டு பங்கு விலை என்று ஆடிட்டர் கணக்குப் போட்டாள். முதல் ஊருக்கு மட்டும் கப்பல் டூர், மற்றதெல்லாம் நாமே என்று முடிவானது.

விசா பற்றிக் கேட்பவர்களுக்கு: 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசாப் பகுதியிலும் யூரோவிலும் சேர்ந்துவிட்டது. ஒரே விசா போதும், தனிக் காசு மாற்ற வேண்டாம். ஆனால் எங்கள் கப்பல் கடைசியில் மான்டிநீக்ரோவுக்கும் போகிறது. அது ஷெங்கனுக்கு வெளியே. மல்டிபிள் என்ட்ரி வாங்கிக்கொள்ளுங்கள்.

திங்கள், ஜாடர்

காலையில் எல்லோரையும் கப்பலின் தியேட்டரில் உட்கார வைத்து, மார்பில் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பதினான்காம் நம்பர் பஸ். துறைமுகம் ஊருக்கு வெளியே இருப்பதால் பஸ் தேவைதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கையில் குச்சி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் நாற்பது பேர். அவர் சொல்வது காதில் மாட்டிய கருவியில் பாதி கேட்கிறது, பாதி கரகரக்கிறது. ஃபோரம் என்ற ரோமானியர் காலத்துப் பொதுச் சதுக்கத்தில் பத்து நிமிடம், மதுபானக் கடையில் அரை மணி நேரம். மராஸ்கா என்ற புளிப்பு செர்ரியில் செய்யும் மராஸ்கினோ இந்த ஊரின் பெருமை. நல்ல சரக்குதான், டாக்டர் இரண்டு தடவை ருசி பார்த்தாள். அதற்காக அரை மணியா?

ஃபோரத்தை ஒட்டி செயின்ட் டொனாட்டஸ் தேவாலயம் நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் கட்டிய உருளை வடிவக் கட்டடம். அடிவாரத்தைக் குனிந்து பார்க்கச் சொன்னார் வழிகாட்டி. ரோமானியத் தூண்களைப் படுக்கப் போட்டு அதன் மேலேயே சுவரை எழுப்பியிருக்கிறார்கள். தூணில் செதுக்கிய வரிகள் மண் மட்டத்தில் பக்கவாட்டில் கிடக்கின்றன. மறைக்க ஒரு முயற்சியும் இல்லை. இந்தக் கரையில் யாரும் கல்லைத் தூக்கி எறிவதில்லை. முந்தையவன் விட்டுப்போனதை அடுத்தவன் எடுத்து அடுக்கிக்கொள்கிறான். இன்று இது எங்களுக்கு ஒரு வேடிக்கை. மறுநாள் ஸ்பிளிட்டில் ஊர் முழுக்க இதே கதை.

கல்லைப் போலவே ஆட்சியும் கைமாறியிருக்கிறது. வெனிஸ், ஆஸ்திரியா, 1920-இல் இத்தாலி, பிறகு யுகோஸ்லாவியா, இப்போது குரோஷியா. இரண்டாம் உலகப் போரில் நேசநாடுகளின் குண்டுவீச்சில் ஊரின் பெரும்பகுதி போய்விட்டது. கடற்கரையை அப்புறம் வெறும் கான்கிரீட் போட்டு மூடினார்கள். அந்தக் கான்கிரீட் இருந்த இடத்தில்தான் 2005-இல் நிகோலா பாஷிச் என்ற கட்டடக் கலைஞர் கடல் ஆர்கனை அமைத்தார்.

கடலுக்குள் இறங்கும் அகலமான வெள்ளைப் படிகள், 70 மீட்டர் நீளம். அடியில் 35 குழாய்கள். அலை உள்ளே போகும்போது காற்றைத் தள்ளுகிறது, காற்று குழாயில் ஊதுகிறது, சத்தம் படியில் உள்ள ஓட்டைகள் வழியே வருகிறது. ராகம் என்று எதுவும் கிடையாது. நாங்கள் போன நேரம் கடல் அடங்கியிருந்ததால் ஏதோ யோசித்து யோசித்து ஊதுவதுபோல் மெதுவாக வந்தது. அப்போது ஒரு பயணிகள் படகு வேகமாகக் கடந்து போனது. அதன் அலை வந்து மோதியதும் படிகள் முழுக்க ஒரே நேரத்தில் சுருதி ஏறியது. டீச்சர் ஓட்டை ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "ஏய், காத்து அடிக்குதுடி, கைய வெச்சுப் பாரு" என்றாள். வைத்தேன். கடல் விடும் மூச்சு உள்ளங்கையில் பட்டது, ஈரமாக, கொஞ்சம் பாசி வாசனையோடு.

இதற்கு டூரில் ஒதுக்கியது பன்னிரண்டு நிமிடம். குச்சி உயர்ந்தது, கிளம்பினோம். மாலை கப்பல் மேல்தளத்தில் ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, இனி டூரே வேண்டாம் என்று நால்வரும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம்.

செவ்வாய், ஸ்பிளிட்

கப்பலிலிருந்து இறங்கிக் கடற்கரையை ஒட்டி நடந்தால் ரிவா என்ற நடைபாதை வந்துவிடுகிறது. ஒரு பக்கம் பனை மரங்கள், காபிக் கடைகள். அவற்றுக்குப் பின்னால் ஒரு நீளமான பழைய சுவர். அந்தச் சுவர்தான் டயோக்ளீஷியன் அரண்மனையின் தென்முகம். அரண்மனை என்று பலகை இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். ஏனென்றால் சுவரில் ஜன்னல் வைத்து ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒரு ரோமானிய வளைவுக்குள் ஏ.சி. பெட்டி மாட்டியிருந்தது. இன்னொன்றில் ஜமக்காளம் காய்ந்தது.

டயோக்ளீஷியன் இந்த ஊருக்குப் பக்கத்தில் சலோனாவில் பிறந்தவர் என்பார்கள். படைவீரராக இருந்து பேரரசரானவர். பேரரசை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு 305-இல் தாமாகவே பதவியை விட்டார். அதுவரை ரோமானியப் பேரரசர்களில் அப்படி வி.ஆர்.எஸ். வாங்கியவர்கள் கிடையாது, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கத்தியோ விஷமோதான் ஓய்வு கொடுத்தது. ஓய்வுக்காலத்துக்கென்று கட்டிய இந்த இடத்தில் பாதி வீடு, பாதி ராணுவ முகாம். எதிரே தெரியும் பிராச் தீவின் வெள்ளைக் கல்லில் கட்டியது. மறுபடி பதவிக்கு வரச் சொல்லிக் கேட்டபோது, "நான் என் கையால் போட்ட முட்டைக்கோஸைப் பார்த்தால் நீங்கள் இப்படிக் கேட்கமாட்டீர்கள்" என்று பதில் சொன்னாராம்.

போன வருடம்தான் ரிட்டயர் ஆன டீச்சர் இதைக் கேட்டு ரொம்பக் குஷியாகிவிட்டாள். "பார்த்தியா, முட்டைக்கோஸ் போட்டவருக்கு என்ன மரியாதை!" அரண்மனையின் கிழக்கு வாசலைத் தாண்டினால் பசார் என்ற காய்கறிச் சந்தை. அங்கே முட்டைக்கோஸைக் கண்டதும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

முதலில் நிலவறைக்குப் போங்கள் என்பது என் யோசனை. பேரரசரின் அறைகள் மேலே அழிந்துவிட்டன. ஆனால் அவற்றைத் தாங்க அடியில் கட்டிய கூடங்கள் அதே அமைப்பில் இருக்கின்றன. கீழே நடந்தால் மேலே எந்த அறை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். இவை பிழைத்த காரணம் வேடிக்கையானது. இடைக்காலத்தில் மேலே வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் தரையில் ஓட்டை போட்டு, குப்பை, சாக்கடை எல்லாவற்றையும் கீழே தள்ளினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் நிறைந்து இறுகிப்போன குப்பைதான் கூடங்களைக் காப்பாற்றியது. இருபதாம் நூற்றாண்டில் தோண்டி எடுத்தார்கள். கூரையில் அந்த ஓட்டைகள் இன்னும் தெரிகின்றன. ஒன்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்த டாக்டர், "இது மட்டும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்" என்றாள்.

மேலே ஏறினால் பெரிஸ்டைல் என்ற தூண்கள் சூழ்ந்த முற்றம். ஒரு பக்கம் எகிப்திலிருந்து கொண்டுவந்த கருங்கல் ஸ்பிங்க்ஸ், அரண்மனையைவிட ஆயிரத்து எழுநூறு ஆண்டுக்கு மேல் மூத்தது. பக்கத்தில் எண்கோண வடிவில் பேரரசரின் சமாதி மண்டபம். இப்போது அது புனித டொம்னியஸ் பேராலயம். டொம்னியஸ் யார்? டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களை வேட்டையாடியபோது 304-இல் சலோனாவில் தலை வெட்டப்பட்ட ஆயர். ஏழாம் நூற்றாண்டில் அவார் என்ற நாடோடி இனத்தாரும் ஸ்லாவியர்களும் சலோனாவை அழித்தபோது, தப்பி வந்த மக்கள் ஆளில்லாத இந்த அரண்மனைக்குள் புகுந்தார்கள். கொன்றவனின் கல்லறையைக் கொல்லப்பட்டவருக்குக் கோயிலாக்கினார்கள். பேரரசரின் சவப்பெட்டி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஜூபிடர் கோயிலையும் விடவில்லை, ஞானஸ்நானம் கொடுக்கும் இடமாக மாற்றிவிட்டார்கள். பேராலயத்தின் வால்நட் மரக் கதவுகள் 1214-இல் ஆண்ட்ரியா புவினா செதுக்கியவை, இயேசுவின் வாழ்க்கை 28 சதுரங்களில். கதவுக்கு முன்னால் மட்டும் கால் மணி நேரம் நின்றோம். குச்சி பிடித்தவர் யாரும் இல்லாததன் பலன்.

தெற்குப் பக்கம் கூரை திறந்த வட்ட மண்டபம் ஒன்றில் ஐந்தாறு ஆண்கள் வாத்தியம் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். கிளாபா என்பது இதன் பெயர். 2012-இல் யுனெஸ்கோவின் கலாசாரப் பட்டியலில் சேர்ந்தது. சத்தம் சுவரில் சுற்றி மேலே வானத்துக்குப் போகிறது. பாட்டு முடிந்ததும் சி.டி. விற்றார்கள். இந்தக் காலத்தில் சி.டி.யை எதில் போடுவது என்று ஆடிட்டர் கேட்டுக்கொண்டே ஒன்று வாங்கினாள்.

சாப்பாடு. ஆடிட்டர் சைவம், கடற்கரை ஊர்களில் அவளுக்குக் கிடைப்பது ரொட்டியும் சாலடும்தான் என்று பயந்திருந்தோம். பசாரில் ஒரு பாட்டி சோபர்னிக் விற்றார். மெல்லிய இரண்டு மாவுத் தகடுகளுக்கு நடுவே பிளித்வா என்கிற கீரையும் வெங்காயமும். அடுப்புத் தரையில் வைத்துத் தணலால் மூடிச் சுட்டு, சாம்பலைத் தட்டிவிட்டு, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் தடவி, வில்லை வில்லையாக வெட்டித் தருகிறார்கள். அடியில் கருகிய வாசனை, மேலே பச்சைப் பூண்டின் காரம். விரலெல்லாம் எண்ணெய். மூன்று வில்லை சாப்பிட்டுவிட்டுக் கப்பலுக்கும் கட்டிக்கொண்டாள். நாங்கள் மூவரும் கணவாய் மையில் செய்த கறுப்புச் சோறு சாப்பிட்டு, பல் கறுத்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தோம்.

வடக்கு வாசலுக்கு வெளியே நின் என்ற ஊரின் ஆயர் கிரெகரியின் பிரம்மாண்ட வெண்கலச் சிலை. 1929-இல் இவான் மெஷ்த்ரோவிச் செய்தது. பத்தாம் நூற்றாண்டில், வழிபாடு லத்தீனில்தான் நடக்க வேண்டும் என்றவர்களை எதிர்த்து மக்களின் ஸ்லாவிய மொழிக்காக வாதாடியவர். அர்ச்சனை எந்த மொழியில் என்று நம் ஊரில் நடக்கும் சண்டையை இவரிடம் விளக்கவே வேண்டியதில்லை. சிலையின் கால் கட்டைவிரலைத் தொட்டால் அதிர்ஷ்டமாம், ஊரே தேய்த்துத் தேய்த்து அது மட்டும் தங்கமாக மின்னுகிறது. நாங்களும் தேய்த்தோம்.

புதன், கோர்ச்சுலா

இங்கே பெரிய கப்பல் கரைக்குப் போக முடியாது. கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் இறக்குகிறார்கள். டோக்கன் வாங்கிக் காத்திருந்ததில் காலை ஒரு மணி நேரம் போயிற்று.

பழைய ஊர் ஒரு சின்ன மூக்கு நிலத்தில், சுற்றிக் கோட்டைச் சுவரோடு இருக்கிறது. தெருக்கள் மீன் முள்போல: நடுவே ஒரு தண்டு, இரண்டு பக்கமும் சந்துகள். மேற்குப் பக்கச் சந்துகளை நேராக விட்டிருக்கிறார்கள், கோடையில் கடலிலிருந்து வரும் மாயெஸ்த்ரால் காற்று உள்ளே வர. கிழக்குப் பக்கச் சந்துகளை வளைத்திருக்கிறார்கள், குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் பூரா காற்றைத் தடுக்க. நம்பாமல் இரண்டு பக்கமும் நின்று பார்த்தோம். மேற்கில் புடவைத் தலைப்பு பறந்தது. கிழக்கில் நாலடி தள்ளி வியர்த்தது.

மார்கோ போலோ பிறந்த ஊர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வீடு, கடை, ஐஸ்கிரீம் எல்லாம் அவர் பெயரில். ஆவணச் சான்று ஒன்றும் கிடையாது, அவர் வெனிஸ்காரர் என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் சொல்வது. 1298-இல் இந்தக் கடலில் ஜெனோவா கப்பற்படை வெனிஸைத் தோற்கடித்தது உண்மை. அதில்தான் அவர் பிடிபட்டார் என்பது பின்னால் வந்த கதை. ஜெனோவா சிறையில் இருந்தபோது உடனிருந்த கைதியிடம் சொல்லித்தான் தன் பயணங்களை எழுதவைத்தார்.

டாக்டர் தூத்துக்குடிக்காரி. மார்கோ போலோ வீட்டு வாசலில் அவளுக்கு உரிமை வந்துவிட்டது. தாமிரபரணி முகத்துவாரத்தில் பாண்டியர் துறைமுகமாக இருந்த காயல் அவர் குறிப்பில் வருகிறது. அரபு நாட்டுத் துறைமுகங்களிலிருந்து குதிரை ஏற்றிவந்த கப்பல்கள், குதிரைக்கு அரசர்கள் கொட்டிய பணம், நாள் முழுக்க வெற்றிலை மெல்லும் மக்கள், முத்துக் குளிப்பு. முத்துக் குளிப்பவர்களைச் சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் போடும் ஆட்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்றும் எழுதியிருக்கிறார். "எங்க ஊருக்கு வந்தது நிச்சயம். இந்த ஊர்ல பொறந்ததுதான் சந்தேகம். இவங்க டிக்கெட் விக்கறாங்க, நாம ஒரு பலகைகூட வைக்கலை" என்று டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த பையனிடம் தமிழிலேயே சொன்னாள். அவன் தலையாட்டினான்.

மதியம் ஊரை ஒட்டிய பாறைக் கரையில் குளித்தோம். மணல் கிடையாது, அடி வரை தெரியும் தண்ணீர். ரப்பர் செருப்பு கட்டாயம், பாறையில் கடல் முள்ளெலிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

வியாழன், துப்ரோவ்னிக்

கப்பல் க்ருஷ் துறைமுகத்தில் நிற்கும். பழைய நகரம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் சுமார். டவுன் பஸ் இருக்கிறது. கோட்டைச் சுவர் மேல் நடக்கத் தனி டிக்கெட் 35, 40 யூரோ என்று ஏறிக்கொண்டே போகிறது. அதே விலையை ஒட்டிக் கிடைக்கும் ஒருநாள் பாஸில் சுவர், அருங்காட்சியகங்கள், பஸ் எல்லாம் அடக்கம். ஆடிட்டர் கண்டுபிடித்தது. கப்பலில் இதற்கான டூர் விலையைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்ப விரும்பவில்லை.

சுவர் 1,940 மீட்டர், சில இடங்களில் 25 மீட்டர் உயரம். ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். வாசல் திறந்ததும் ஏறிவிட்டோம். பத்து மணிக்குமேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து அடிக்கும். மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுக்க ஓட்டுக் கூரைகள். உற்றுப் பார்த்தால் இரண்டு நிறம். சில கூரைகள் பழுப்பும் சாம்பலும் கலந்து மங்கியவை. பெரும்பாலானவை பளிச்சென்ற செம்மஞ்சள். பளிச்சென்று இருப்பவை 1991-க்குப் பிறகு வேய்ந்தவை. அந்த அக்டோபரில் யுகோஸ்லாவியப் படை நகரை முற்றுகையிட்டது. டிசம்பர் 6 அன்று நடந்த குண்டுவீச்சு மிக மோசமானது. பழைய நகரின் 824 கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அடிபட்டன. பக்கத்தில் நின்ற ஒரு தம்பதி ஒரு டிவி தொடரில் எந்தக் காட்சி எங்கே எடுத்தார்கள் என்று போனில் தேடிக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு சுற்றுலா, வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் கூரைகளின் நிறத்தையும் ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம்.

மின்செட்டா கோபுரத்தை ஒட்டி, கோட்டைக்குள்ளேயே ஒரு கூடைப்பந்து மைதானம். பந்து சுவரைத் தாண்டினால் யார் எடுப்பார்கள் என்று டீச்சர் கடைசிவரை யோசித்துக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும் ஸ்த்ராதூன் என்ற பிரதான வீதி. பளிங்குபோல் தேய்ந்த சுண்ணாம்புக்கல். டீச்சர் வழுக்கி முழங்கால் பிடித்துக்கொண்டது. டாக்டர் அங்கேயே உட்கார வைத்து அமுக்கிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுப்பிவிட்டாள். 1438-இல் ஒனோஃப்ரியோ கட்டிய நீரூற்றில் பாட்டிலை நிரப்பிக்கொண்டோம். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்து தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். தெருவின் இரு பக்கமும் ஒரே அளவில் வீடுகள் நிற்பது 1667 நிலநடுக்கத்துக்குப் பிறகு திட்டம் போட்டுக் கட்டியதால்.

இந்தச் சின்ன ஊர் ரகூசா என்ற பெயரில் 1808-இல் நெப்போலியனின் ஆட்கள் முடித்து வைக்கும்வரை தனிக் குடியரசாக இருந்தது. எப்படி? ஒரு பக்கம் வெனிஸ், மறுபக்கம் துருக்கி சுல்தான். சுல்தானுக்கு ஆண்டுக்கு 12,500 பொற்காசு கப்பம் கட்டி, அவர் நாடு முழுக்க வியாபாரம் செய்யும் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். "இது கப்பம் இல்லை, லைசென்ஸ் ஃபீஸ்" என்றாள் ஆடிட்டர். தலைவராக இருப்பவருக்கு ஒரே ஒரு மாதம்தான் பதவி. அந்த மாதம் முழுக்க அரசு வேலை தவிர மாளிகையை விட்டு வெளியே வரக் கூடாது. சபைக் கதவின் மேல், சொந்தக் காரியத்தை மறந்து பொதுக் காரியத்தைப் பாருங்கள் என்று லத்தீனில் எழுதியிருந்தார்கள். டீச்சர் தன் ஊர் கவுன்சிலரை நினைத்துப் பெருமூச்சு விட்டாள்.

டாக்டருக்குப் பார்க்க வேண்டியது இரண்டு. பிரான்சிஸ்கன் மடத்தில் 1317-இல் தொடங்கிய மருந்துக்கடை, இன்றும் மருந்து விற்கிறது. ரோஜா க்ரீம் நான்கு டப்பா வாங்கினாள். இன்னொன்று கிழக்கு வாசலுக்கு வெளியே லசரெத்தி என்ற பழைய தனிமைப்படுத்தும் இடம். 1377-இல் இந்த ஊர் ஒரு சட்டம் போட்டது: கொள்ளைநோய் இருக்கும் இடங்களிலிருந்து வருபவர்கள் முப்பது நாள் தனியே தங்கிய பிறகே உள்ளே வரலாம். முதலில் பக்கத்துத் தீவுகளில் தங்க வைத்தார்கள். இந்த வரிசைக் கட்டடங்கள் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிக் கட்டியவை. கொரோனா சமயத்தில் சுற்றுலாக் கப்பல்களைத் துறைமுகம் துறைமுகமாகத் திருப்பி அனுப்பியதை அவள் ஞாபகப்படுத்தினாள். வியாபாரமும் நிற்கக் கூடாது, நோயும் வரக் கூடாது என்று யோசித்தவர்கள் வியாபாரிகள்தான், மருத்துவர்கள் இல்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

இப்போது வரும் கொள்ளைநோய் நாங்கள்தான். கூட்டம் தாங்காமல் 2019-இல், ஒரே நேரத்தில் இரண்டு கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று நகரம் ஏற்பாடு செய்தது. இரண்டே கப்பல் என்றாலும் மூன்று மணிக்கு எல்லோரும் ஒரே வாசலில், ஒரே பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். வரிசை நகரவே இல்லை. நாலரைக்குக் கப்பலில் இருக்க வேண்டும். டீச்சருக்கு முழங்கால். கடைசியில் கார் ஒன்றைப் பிடித்தோம். பஸ் பாஸில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போயிற்று. ஆடிட்டர் இரவுச் சாப்பாடு வரை பேசவில்லை. நான்கு டப்பா ரோஜா க்ரீமை ஆளுக்கொன்றாக டாக்டர் பிரித்துக் கொடுத்த பிறகுதான் சமாதானம்.

நாளை கோட்டோர், மான்டிநீக்ரோ. அங்கே கோட்டைக்கு 1,350 படிகளாம். டீச்சர் கீழே காபிக் கடையில் உட்கார்ந்து எங்கள் பைகளைப் பார்த்துக்கொள்வதாக இப்போதே சொல்லிவிட்டாள். ஆடிட்டரும் அவளுக்குத் துணைக்கு இருக்கப் போகிறாளாம்.